நாங்கள் எடுத்துக்கொண்ட உன் மதியம்

மகனே, உனக்கு என் ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாய். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கிரேனில் நடந்தது எனக்குத் தெரியும். நீ மறைத்ததும் தெரியும். இப்போது உன் நெஞ்சு படபடக்கும். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, கட்டிலில் ஒழுங்காக உட்கார்ந்து படி. திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் திட்டாமலும் விடப்போவதில்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெரியபட்டினத்தில் சபர் போன பிள்ளை இல்லாத வீடு அபூர்வம். கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போன பிள்ளைக்கு இங்கிருந்து நாம் செய்கிற ஒரே காரியம் ஃபோன் பேசுவது. அதைத்தான் நம் வீடு தப்பாகச் செய்துகொண்டிருந்தது. மற்ற வீடுகளும் அப்படித்தான் செய்கின்றன என்று நினைக்கிறேன். உன் பெயரை எழுதவில்லை. உன் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. உன் நண்பனின் பெயரையும் மாற்றிவிட்டேன். என் மருமகளுக்கு நஸ்ரின் என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன். அது அவளே தேர்ந்தெடுத்த பெயர். சின்ன வயதிலிருந்தே அந்தப் பெயர்மேல் அவளுக்கு ஆசையாம், உனக்குத் தெரியுமா?

போன வாரம் நம் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். வழக்கம்போல சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கு பெண்கள் உட்கார்ந்தோம். எனக்கு எதிரே உன் ரூமில் இருக்கிற ஹாரிஸின் அக்கா. நெய்ச்சோற்றில் கை வைத்த உடனே அவள் கேட்டாள், "சாச்சி, உங்க மகனுக்கு ஒண்ணும் ஆகலைல? அல்லாதான் காப்பாத்துனான்." நான் ஒன்றும் புரியாமல் பார்த்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தாடி, உங்களுக்குத் தெரியாதா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "தெரியும், தெரியும். நீ சாப்பிடு" என்றேன். ஒரு சஹனில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தி எழுந்துவிட்டால் மற்ற மூவரும் கையை எடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் அடுத்தவர் வயிற்றில் நான் அடிக்க முடியுமா? ஒரு பிடி சோற்றைப் பிசைந்துகொண்டே கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹாரிஸை ஃபோனில் பிடித்தேன். "சாச்சி, சத்தியம் வாங்கிட்டான், என்னால சொல்ல ஏலாது" என்று நழுவப் பார்த்தான். "சரி, நீ சிகரெட் குடிக்கிறத உங்க உம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கம்பிக்கட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாயாம். லிவர்மேல் கை இருந்தபடியே கண் சொக்கிவிட்டதாம். வாக்கி-டாக்கியில் கத்தியது உன் காதில் விழவில்லை. கீழே நின்று கொக்கி மாட்டுகிற ஆந்திராக்காரர் தாவிக் குதித்ததில் தலையிலிருந்து ஹெல்மெட் கழன்று விழுந்தது. கம்பிக்கட்டு அந்த ஹெல்மெட்டின்மேல் இறங்கி அதை அப்பளமாக்கிவிட்டது. நீ இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாயாம். அதற்குப் பிறகு உன்னைக் கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேலே ஏற்றப்போகிறார்கள். இன்னொரு முறை நடந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஊருக்கு அனுப்பினால் அனுப்பட்டும், எனக்கு அதில் பயமில்லை. சாமான் சட்டியோடு வந்து சேர், சோறு போடுகிறேன். என் பயமெல்லாம் அந்த ஹெல்மெட்டுக்குள் அந்த மனிதரின் தலை இருந்திருந்தால் என்பதுதான். அவருக்கும் எங்கோ ஒரு உம்மா இருப்பாள். அவளும் அன்றைக்கு மகனிடம் ஃபோனில் பேசியிருப்பாள். நீ அவ்வளவு உயரத்தில் இருக்கிறாய். அங்கே நீ கண்மூடினால் போவது உன் உயிர் மட்டுமில்லை.

ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயிலுக்கு முன்னால் வேலை தொடங்க வேண்டுமென்று விடியும் முன்பே பஸ் வந்து நிற்கிறது. சாயங்காலம் வந்தால் குளிக்க வரிசை, அடுப்புக்கு வரிசை. ஒரே அறையில் எட்டுப் பேர், ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு அலாரம். ஆனால் அந்த நாட்டுச் சட்டம் உச்சிவெயிலில் வெளிவேலையை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறது, பஸ் உங்களை ரூமில் விட்டுவிட்டுப் பிறகு வந்து அழைத்துப் போகிறது. அந்த நேரத்தில் கட்டடத்துக்குள்ளே வேலை செய்கிற மற்றவர்கள் ஷிப்டுக்குப் போய்விட, ரூம் அமைதியாக இருக்குமாம். சரி, அப்போதாவது தூங்கியிருக்கலாமே என்று ஹாரிஸிடம் கேட்டேன். அவன் சொன்னான், "எப்ப சாச்சி தூங்குவான்? அந்த நேரந்தான் நீங்க எல்லாரும் கூப்புடுறீங்களே."

மகனே, அந்த வார்த்தை என்னைக் கன்னத்தில் அறைந்தது. வீட்டில் ஒவ்வொருவராக விசாரித்தேன். லுஹர் தொழுது சோறு தின்றதும் நஸ்ரின் கூப்பிடுகிறாள். அவள் வைத்ததும் நான். மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, கரண்ட் பில் கூடிவிட்டது, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. இதையெல்லாம் உன்னிடம் சொல்லி நீ என்ன செய்யப்போகிறாய்? அங்கிருந்து பறந்து வந்து பூச்சியைத் தட்டிவிடப்போகிறாயா? எனக்கு அடுத்து உன் அக்கா, பிள்ளைகளோடு. கடைசியில் உன் வாப்பா. அவர் கதைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கயிறும் வலையும் விற்கிற கடைதானே, மதியம் ஆள் வராதென்று பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, உன்னிடம் பேசிவிட்டு, "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு, அஸர் பாங்கு வரைக்கும் நிம்மதியாகக் கைலூலா தூங்குவார். மகனின் மதியத் தூக்கத்தைக் கலைத்துவிட்டுத் தன் மதியத் தூக்கத்தைப் போடுகிற மனுசரை என்னவென்று சொல்வது? கேட்டால், "நான் ரெண்டே நிமிசந்தான் பேசுவேன்" என்கிறார். நாங்கள் எல்லோருமே ரெண்டே நிமிடம்தான் பேசினோம். உன் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று நான் ஒருநாள் கேட்டேன். மணல் காற்று என்றாய். நானும் நம்பிவிட்டு, முருங்கை மரத்துக்குப் போய்விட்டேன்.

ஓய்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. டீச்சர் வேலையில் இருந்த காலத்தில் மதிய வகுப்பில் நான் பிள்ளைகளிடம் எரிந்து விழுவேன். சமூக அறிவியல் டீச்சர் என்றால் மதியத்தில் பேய் என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பிறகு ராமநாதபுரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கடைசி வகுப்பில் ஒரு அம்மா வந்து, எல்லோரும் தரையில் மல்லாந்து படுங்கள், இதற்குச் சவாசனம் என்று பெயர் என்றார். ஆண்கள் நிறைந்த ஹாலில் நானாவது படுப்பதாவது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்தும் எனக்குக் கால் வலிக்கவில்லை. அதிசயமாக இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் வீட்டிலும் செய்து பார்க்கலாம் என்று கூடத்தில் பாய் விரித்தேன். காற்றுக்காக வடக்கே தலை வைத்தேன். ஈத் தொல்லைக்காக வெள்ளைத் துப்பட்டியை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். கைகால் நீட்டி, அசையாமல் கிடந்தேன். கடையிலிருந்து வந்த உன் வாப்பா வாசலில் மீன் பையைப் போட்டுவிட்டு "இன்னா லில்லாஹி" என்று இறந்தவர்களுக்குச் சொல்வதை ஆரம்பித்துவிட்டார். நான் துப்பட்டிக்குள்ளிருந்து, "மொதல்ல மீனை எடுங்க, பூனை வந்துரப் போகுது" என்றேன். மனுசர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இந்த வீட்டுல இனிமே இப்புடி மட்டும் படுக்காத, சொல்லிட்டேன்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. மய்யித்தைக் கிடத்துகிற மாதிரியே கிடந்தால் யாருக்குத்தான் உயிர் போகாது? அன்றிலிருந்து வலப்பக்கம் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்துப் படுக்கிறேன். நபிவழியும் அதுதான் என்று அவருக்கும் திருப்தி. உடம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நீ செய்ய வேண்டியது கஷ்டமில்லை. சாப்பிட்டதும் உடனே படுக்காதே, கொஞ்சம் உலாவு. அலாரம் வை, அப்போதுதான் மனசு மணி பார்க்காது. படுத்ததும் தூங்க முயற்சி செய்யாதே. தூக்கத்தைத் துரத்தினால் அது ஓடும். வலது கால் கட்டைவிரலை நினை. அதை விட்டுவிடு. பிறகு பாதம், கெண்டைக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாக மேலே வா. எங்கெங்கே இறுக்கிப் பிடித்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரியும். எனக்குத் தாடையில் இருந்தது. பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உனக்கு லிவர் பிடிக்கிற கையில் இருக்கும். விரல்களை ஒவ்வொன்றாக விடு. நாக்கையும் விடு, அது வாய்க்குள் சும்மா கிடக்கட்டும். பிறகு மூச்சைப் பார். இழுக்காதே, அடக்காதே, போகிறதைப் போகவிடு. மனசு அந்த ஹெல்மெட்டுக்கு ஓடும். எனக்கே ஓடுகிறது, உனக்கு ஓடாதா? ஓடினால் கோபப்படாமல் மறுபடி கட்டைவிரலுக்கு வா. தூங்கினாலும் சரி, தூங்காமல் கிடந்தாலும் சரி, எழுந்திருக்கும்போது உடம்பு வேறாக இருக்கும். எழுந்ததும் கொஞ்சம் உட்கார்ந்திருந்து பிறகு நில்.

இரண்டு விஷயத்தில் என் பேச்சைத் தட்டாதே. இதைக் கேபினில் ஒருநாளும் செய்யாதே. மேலே கண் அசந்தால், வெட்கப்படாமல் வாக்கி-டாக்கியில் சொல்லிவிட்டு லோடை இறக்கி வைத்துக் கீழே வா. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். அடுத்தது, இது ராத்திரித் தூக்கத்துக்குப் பதில் இல்லை. அந்தக் கடன் அப்படியேதான் நிற்கும். ரூமை மாற்ற முடியுமா என்று ஹாரிஸோடு சேர்ந்து கேட்டுப் பார்.

இப்போது, நஸ்ரினுக்குத் தெரிந்துவிட்டதா என்று நீ பயந்துகொண்டிருக்கிற இடத்துக்கு வருகிறேன். ஹாரிஸிடம் பேசிய அன்றே வீட்டில் சட்டம் போட்டேன். இனி மதியத்தில் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. உன் வாப்பா முனகினார், சரி என்றார். உன் அக்காவும் சரி என்றாள். நஸ்ரின் மட்டும் தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் நின்றாள். பிறகு சொன்னாள், "மாமி, ராத்திரி கூப்பிட்டா ரூம்ல ஆளுக இருக்காக. ம், ம்னு மட்டுந்தான் சொல்லுவாக. அந்த மதியம் மட்டுந்தான் எனக்குன்னு இருக்கு." கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நீ விமானம் ஏறிவிட்டாய். அவள் குடும்பம் நடத்துவதே அந்த ஃபோனில்தான். எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் கிரேன் விஷயத்தைச் சொல்லாமல், "சொன்னதக் கேளு" என்று மட்டும் சொன்னேன். நீ மறைத்ததை நான் உடைத்தால் அவள் பயந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ மாமியாருக்குப் பொறாமை என்று நினைத்துவிட்டாள். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு, "உம்மா வீட்டுக்குப் போறேன் மாமி" என்று சொல்லிவிட்டு உச்சிப்புளிக்குப் போய்விட்டாள். வாரேன் என்று சொல்லவில்லை, போறேன் என்றுதான் சொன்னாள். அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தை என்னை அறுத்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். ஞாயிறு நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் பஸ் ஏறி உச்சிப்புளிக்குப் போனேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்து, முகத்தைச் சுருக்காமல் வாங்க என்றார், அந்த அளவுக்கு நல்ல மனுசி. நஸ்ரின் உள்ளறையில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் அவ்வளவு சொல்லியும் அதே நேரம். கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டுதான் அறை வாசலில் போய் நின்றேன்.

அவள் ஜன்னலில் ஃபோனைச் சாய்த்து வைத்து முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளுக்கு மேலே உன் முகம் தெரிந்தது. அவள் ஏதோ பாவாடைத் துணி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் கண் மூடியது. அவள், "என்னங்க, கேக்குறீகளா?" என்றாள். நீ திடுக்கிட்டு, "ம், சொல்லு புள்ள, சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாய். சிரித்தாய் வேறு. அவள் மறுபடி தொடங்கினாள். உன் கண் மறுபடி மூடியது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதே சிரிப்பைத்தான் எனக்கும் இத்தனை நாள் காட்டியிருக்கிறாய்.

கை நீட்டி அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பினாள், ஃபோனில் சத்தம் போகாமல் அடைத்தாள். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னேன். கம்பிக்கட்டு, ஹெல்மெட், நீ வாந்தி எடுத்தது, ஞாயிற்றுக்கிழமை. மேலே பக்கத்துக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் ஒன்று வீட்டை உலுக்கிக்கொண்டு போனது. அது போகும்வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் மாமி இங்கன வரப் போறேன்?" என்றாள். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் மற்றவர் பயந்துவிடக் கூடாதென்று ஏதாவது ஒன்றை மறைக்கிறோம். நீ அதை என்னிடமிருந்து படித்திருப்பாய்.

பிறகு அவள் ஃபோன் பக்கம் திரும்பினாள். நீ தூங்கிவிட்டிருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் ஃபோனை வைத்துவிடு என்று கை காட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "வச்சா டொங்குன்னு சத்தம் கேக்கும் மாமி, முழிச்சிருவாக. இருக்கட்டும்." சம்பந்தியம்மா டீ கொண்டுவந்தார். அவரையும் சைகையிலேயே உட்கார வைத்தாள். மூன்று பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் உன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டீ ஆறிவிட்டது. உன் நெற்றியில் இருந்த சுருக்கம் மெல்ல மெல்லப் போனதை நான் பார்த்தேன். சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாளில் எழுப்ப மனமில்லாமல் நின்று பார்ப்பேனே, அந்த முகம் வந்தது.

நேரம் ஆக ஆக வேறு பயம் பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டே தூங்கியவன் அலாரம் வைத்திருக்க மாட்டாய். எழுப்பிவிட ஹாரிஸும் ரூமில் இருக்க மாட்டான். ஏற்கெனவே பெயர் கெட்டிருக்கிற நேரத்தில் வேலைக்குத் தாமதமாகப் போனால் என்ன ஆகும்? எழுப்பு, எழுப்பு என்று நான் அவள் கையைக் கிள்ளினேன். "இன்னும் கொஞ்சம் மாமி, பஸ்ஸு எப்ப வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள். உன் பஸ் நேரம் எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. சரியான நேரம் வந்ததும் சத்தத்தைத் திறந்து, மெதுவாக, "என்னங்க, எந்திரிங்க" என்றாள். நீ விழித்தாய். நான் ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டேன்.

"நெட்டு கட்டாயிருச்சா? எவ்வளவு நேரமாப் பேசிட்டு இருக்க?" என்று கேட்டாய். "இப்பத்தான்" என்றாள் அவள். "இன்னைக்கு என்னமோ உடம்பு லேசா இருக்கு புள்ள" என்றாய். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குரலில் ஒன்றும் காட்டவில்லை. "என்னமோ சொல்லிட்டு இருந்தியே, திரும்பச் சொல்லு" என்றாய். "ஒண்ணுமில்ல, நாளைக்குச் சொல்றேன். பஸ்ஸு வந்துரும், போங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியத்தில் நான் கூப்பிட மாட்டேன், வாப்பா கூப்பிட மாட்டார், அக்கா கூப்பிட மாட்டாள். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை, அன்று எங்களை வேண்டிய மட்டும் திட்டிக்கொள். ஆனால் அவள் தினமும் கூப்பிடுவாள். அதை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவாள். எடு. ஸலாம் சொல். ஃபோனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டைவிரலிலிருந்து ஆரம்பி. அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமே என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடக்காதே, மகனே. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அங்கேயே இருப்பாள், பஸ் வருகிற நேரத்தில் எழுப்பிவிடுவாள்.